ஆய்வேட்டுப் பயிலரங்கு நடத்துவது எப்படி? முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கென்று நடத்தப்படும் பயிலரங்குகளில் பல, பெயரளவில் பயிலரங்குகளாகவும் நடைமுறையில் சொற்பொழிவுத் தொடர்களாகவும் அமைந்துவிடுகின்றன. வல்லுநர்கள் அடுத்தடுத்து உரையாற்றுகிறார்கள், ஆய்வாளர்கள் குறிப்பெடுக்கிறார்கள், நிறைவு விழாவில் சான்றிதழ் வழங்கப்படுகிறது. ஆய்வாளர் கையோடு கொண்டுவந்த ஆய்வுத் திட்டத்தில் ஒரு வரிகூட மாறியிருப்பதில்லை. இங்கே விளக்கப்படுவது வேறு வகையான பயிலரங்கு. அதில் ஆய்வு முறையியல் பற்றிய பொது உரைகளுக்கு இடம் மிகக் குறைவு. ஒவ்வொரு அமர்விலும் ஒருவருடைய வரைவு மேசைமேல் இருக்கும், அதைப் படித்துவிட்டு வந்த நால்வர் அதைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். அத்தகைய பயிலரங்கை ஒழுங்கு செய்யும் ஆசிரியர்களுக்காகவும், அதில் பங்கேற்கப்போகும் ஆய்வாளர்களுக்காகவும் இது எழுதப்படுகிறது.

முதல் படி: சரியான கட்டத்தில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்தல்

பதிவு செய்த முதல் மாதத்தில் இருப்பவரிடம் விவாதிப்பதற்கு ஆர்வம் மட்டுமே இருக்கும். தரவுகளைத் திரட்டி முடித்தவரிடம் மாற்றுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. தலைப்பு ஓரளவு முடிவாகி, ஆய்வுத் திட்டம் இன்னும் குழுவின் ஒப்புதலுக்குச் செல்லாத இடைப்பட்ட காலமே இத்தகைய பயிலரங்குக்கு உகந்தது. அப்போதுதான் ஒரு கேள்வியைக் கைவிடுவதற்கான துணிவும் அதற்கான அவகாசமும் ஆய்வாளருக்கு இருக்கும்.

முடிந்தால் ஒரே மூச்சில் நடத்தாமல் இரண்டு பகுதிகளாகப் பிரித்து நடத்துங்கள். அமெரிக்காவில் 1923இல் நிறுவப்பட்ட சமூக அறிவியல் ஆய்வுக் கழகம், ஆய்வேட்டுத் திட்டத்தை உருவாக்கும் நிலையில் இருந்த மாணவர்களுக்கென நடத்திய நல்கைத் திட்டத்தில் இந்த முறையைக் கையாண்டது: கோடைக்கு முன் ஒரு பயிலரங்கு, கோடைக்குப் பின் மற்றொன்று, இடைப்பட்ட காலத்தில் முன்னோட்டக் களஆய்வு. முதற்பகுதியில் எழுப்பப்பட்ட ஐயங்களோடு களத்துக்குச் சென்றவர், இரண்டாம் பகுதிக்குத் திரும்பும்போது வெறும் எண்ணங்களோடு வருவதில்லை. கிடைக்காத ஆவணம், பேச மறுத்த குழு, எதிர்பாராமல் அகப்பட்ட தரவு ஆகியவற்றோடு வருகிறார். இரண்டு பகுதிகளுக்கு வசதியில்லையென்றால், மூன்று நாள் பயிலரங்கு ஒன்றும் ஆறு வாரம் கழித்து அரைநாள் இணையவழிச் சந்திப்பு ஒன்றும் குறைந்தபட்ச ஏற்பாடாக இருக்கட்டும்.

பன்னிரண்டு பேருக்குமேல் சேர்க்க வேண்டாம். அவர்களையும் நால்வர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரித்துவிடுங்கள். ஒரே குழுவில் ஒரே துறையினர் மட்டும் இருந்தால், துறைக்குள் புழங்கும் சொற்களை எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தொடர்பே இல்லாத துறையினர் மட்டும் இருந்தால், அடிப்படைகளை விளக்குவதிலேயே நேரம் போய்விடும். இருவர் அண்மைத் துறையினராகவும் ஒருவர் சற்றுத் தொலைவிலிருந்து வருபவராகவும் இருப்பது நல்ல கலவை. நெறியாளர்களைப் பொறுத்தவரை ஒரு விதியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் கருத்து: எந்த நெறியாளரும் தம் மாணவர் இருக்கும் குழுவில் அமரக் கூடாது. அவர் எவ்வளவு பெருந்தன்மையானவராக இருந்தாலும், மாணவர் விடை சொல்லும்போது கண்கள் அவர் பக்கம் திரும்பிக்கொண்டேயிருக்கும்.

இரண்டாம் படி: வரைவை முன்கூட்டியே பெறுதல்

பயிலரங்கின் தரத்தில் பாதி, அது தொடங்குவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஒவ்வோர் ஆய்வாளரும் 1,500 சொற்களுக்கு மிகாத வரைவொன்றை அதற்குள் அனுப்பிவிட வேண்டும். வரம்பைத் தளர்த்தாதீர்கள். நாற்பது பக்க வரைவை எவரும் முழுமையாகப் படிப்பதில்லை. எழுதியவருக்கும் அத்தனை பக்கங்களுக்கிடையே தம் கேள்வியை ஒளித்துவைக்க இடம் கிடைத்துவிடுகிறது.

வரைவில் இருக்க வேண்டியவை இவை: ஆய்வு வினா ஒரே வாக்கியத்தில், அவ்வினாவுக்கு இதுவரை சொல்லப்பட்டிருக்கும் விடைகளும் அவற்றின் போதாமையும், எந்தச் சான்றுகளை எங்கிருந்து எவ்வாறு பெறப்போகிறார் என்பது, இறுதியாக, ஆய்வாளருக்கே உறுதியில்லாத இடம் எது என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரு பத்தி. இந்தக் கடைசிப் பத்தியைப் பலரும் தவிர்க்கப் பார்ப்பார்கள், அல்லது "கால வரையறை குறைவாக உள்ளது" என்பதுபோல் யாருக்கும் வலிக்காத ஒன்றை எழுதி அனுப்புவார்கள். திருப்பி அனுப்பி மீண்டும் எழுதச் சொல்லுங்கள். குழுவின் உரையாடல் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

வரைவுகளைப் பெற்றவர்கள் தத்தம் குழுவினரின் மூன்று வரைவுகளையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வர வேண்டும். மற்றவரின் வெளியிடப்படாத வரைவைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஏற்றிச் சுருக்கம் பெறுவதை, எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுவது நல்லது. அது நம்பிக்கை சார்ந்த பிரச்சினை மட்டுமன்று. களத்தில் பேசியவர்களைப் பற்றிய விவரங்கள் வரைவில் இருக்கலாம்.

மூன்றாம் படி: தலைப்பிலிருந்து வினாவுக்கு

முதல் நாளின் முற்பகல் முழுவதையும் ஆய்வு வினாவுக்கே ஒதுக்குங்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் தலைப்போடு வருகிறார்கள், அதன் இறுதியில் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்தால் வினாவாகிவிடும் என்று நம்புகிறார்கள். அது எவ்வாறு போதாமல்போகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

"தொலைநிலைப் பணியும் பணியாளர் நலனும்" என்பது ஒருவரின் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். "தொலைநிலைப் பணி பணியாளர் நலனைப் பாதிக்கிறதா?" என்று அவர் அதை வினாவாக்குகிறார். குழுவினர் கேட்க வேண்டிய முதற்கேள்வி: இதற்கு "ஆம்" என்று விடை வந்தால் யார் வியப்படைவார்? எவரும் இல்லை. "இல்லை" என்று வந்தால்? அப்போதும் இல்லை, ஏனெனில் "நலன்" என்பதற்குள் தூக்கம், வருமானம், மனநிறைவு, குடும்ப உறவு என்று எதை வேண்டுமானாலும் அடைக்கலாம். அவற்றுள் ஒன்று மேம்படவும் மற்றொன்று சரியவும் கூடும். அடுத்த கேள்வி: யாரோடு ஒப்பிடுகிறீர்கள்? அலுவலகத்துக்குச் செல்பவர்களோடா, அல்லது வேறு வகைத் தொலைநிலைப் பணியாளர்களோடா? ஆய்வாளர் சற்றே யோசித்து, தம்மை உண்மையில் ஈர்த்தது வேலைநேரம் பற்றிய ஒரு முரண் என்கிறார். நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை உள்ளவர்கள்தான் இரவிலும் மடிக்கணினியை மூடாமல் இருப்பதாக அவருக்குப் படுகிறது. வினா இப்போது இப்படி மாறுகிறது: "பணிநேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் தொலைநிலைப் பணியாளர்கள், நிலையான நேரத்தில் பணிபுரியும் தொலைநிலைப் பணியாளர்களைவிட அதிக நேரம் வேலை பார்ப்பது ஏன்?"

இது முன்னதைவிடப் பலமடங்கு நல்ல வினா. இருந்தாலும் குழு இங்கே நின்றுவிடக் கூடாது. "ஏன்" என்று கேட்கும் வினாக்கள் ஓர் உண்மையை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு பிறக்கின்றன. அவர்கள் அதிக நேரம் வேலை பார்க்கிறார்கள் என்பது நிறுவப்பட்டுவிட்டதா? நிறுவப்பட்டிருந்தால், எந்த ஆய்வில், எத்தகைய பணியாளர்களிடம்? இல்லையென்றால் ஆய்வேட்டுக்கு இரண்டு வினாக்கள் தேவை: முதலாவது அது உண்மையா என்பது, இரண்டாவது அதற்கான காரணம். முதலாவதற்கு நேரப் பதிவுகள் போன்ற எண்சார் தரவுகள் வேண்டும். இரண்டாவதற்கு நெடிய நேர்காணல்கள் வேண்டும். ஒரு வாக்கியத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தவருக்கு ஆய்வேட்டின் இரண்டு இயல்களும் அவற்றின் முறையியலும் துலங்கிவிடுகின்றன. இதனால்தான் முற்பகல் முழுவதையும் இதற்குக் கொடுக்கச் சொல்கிறேன்.

வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளில் வினா இதே வடிவில் அமையாது. அங்கே "எது நிகழ்ந்தது" என்பதைவிட, "இந்தப் பிரதிகளை இப்படிப் படித்தால் நாம் இதுவரை ஒப்புக்கொண்டிருந்த எது ஆட்டம் காணும்" என்பதே பயனுள்ள சோதனை.

நான்காம் படி: அந்த வினா யாருக்குத் தேவை?

ஆய்வு இடைவெளி என்ற சொல்லை ஆய்வாளர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். "இதுவரை எவரும் இதை ஆராயவில்லை" என்பது ஒரு காரணமே அன்று. ஆராயத் தேவையில்லாததாலும் ஆராயாமல் விட்டிருக்கலாம். இங்கே ஜார்ஜ் ஹைல்மையர் வகுத்த கேள்விகள் உதவும். இவர் 1975 முதல் 1977 வரை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் உயர்நிலை ஆய்வு முகமையான டார்பாவின் இயக்குநராக இருந்தவர். தம்மிடம் வந்த ஆய்வு முன்மொழிவுகளை மதிப்பிட ஒரு கேள்வித் தொகுப்பை வைத்திருந்தார். நீங்கள் செய்ய முனைவது என்ன, துறைச்சொல் எதுவுமின்றிச் சொல்லுங்கள்; இன்று அது எப்படிச் செய்யப்படுகிறது, அதன் எல்லைகள் யாவை; உங்கள் அணுகுமுறையில் புதியது என்ன, அது வெற்றிபெறும் என்று ஏன் நினைக்கிறீர்கள்; யாருக்கு அக்கறை; இடர்கள் என்ன; எவ்வளவு செலவு, எவ்வளவு காலம்; வெற்றியை இடையிலும் முடிவிலும் எதை வைத்துச் சோதிப்பீர்கள். பொறியியல் திட்டங்களுக்காக வகுக்கப்பட்ட இவை கலையியல் ஆய்வுகளுக்கும் பெருமளவு பொருந்துகின்றன, செலவு பற்றிய கேள்வி உட்பட. தொலைதூர ஆவணக்காப்பகத்தில் மூன்று மாதம் தங்குவதற்கு யார் பணம் தருவார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

இந்த அமர்வை முடிக்க ஒரு சிறு பயிற்சி. குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய "மூன்று நிமிட ஆய்வேடு" போட்டியில், ஆய்வாளர் அசைவற்ற ஒரே ஒரு படவில்லையை வைத்துக்கொண்டு மூன்று நிமிடத்தில் தம் ஆய்வை விளக்க வேண்டும். போட்டியை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படவில்லைகூட வேண்டாம். வேறு குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் மூன்று நிமிடம் பேசச் சொல்லி, கேட்டவரைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். திருப்பிச் சொல்லும்போது எந்த இடத்தில் கதை மாறுகிறதோ, அந்த இடத்தில்தான் வரைவும் தெளிவில்லாமல் இருக்கும்.

ஐந்தாம் படி: முந்தைய ஆய்வுகளை ஒழுங்குபடுத்துதல்

"இன்னார் இப்படிச் சொன்னார், மற்றொருவர் அப்படிச் சொன்னார்" என்று கால வரிசையில் அடுக்கப்பட்ட முன்னாய்வு இயல்களை மாற்ற ஒரே ஒரு கருவி போதும். பெரிய தாள் ஒன்றில் ஆய்வு வினாவை நடுவில் எழுதி, அதற்கு நேரடியாக விடை சொல்லும் படைப்புகளை மட்டும் சுற்றிலும் எழுதச் சொல்லுங்கள். ஒன்றோடொன்று உடன்படுபவற்றை ஒரு பக்கமும் மறுப்பவற்றை எதிர்ப்பக்கமும் வைக்கச் சொல்லுங்கள். நூறு நூல்களைப் படித்தவரின் தாளில் பத்துக்கும் குறைவான பெயர்களே தேறுவது வழக்கம். மற்றவை பின்னணி வாசிப்பு. அவற்றுக்கு அடிக்குறிப்பு போதும்.

ஆறாம் படி: வினாவையும் முறையையும் இணைத்தல்

இரண்டாம் நாள் காலையில் ஒவ்வொருவரும் ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) கொண்ட அட்டவணை ஒன்றை நிரப்ப வேண்டும். முதற்பத்தியில் துணைவினா, இரண்டாவதில் அதற்குத் தேவையான சான்று, மூன்றாவதில் அந்தச் சான்று எங்கே, யாரிடம் இருக்கிறது, அணுக இசைவு கிடைக்குமா என்பது, நான்காவதில் பகுப்பாய்வு முறை, ஐந்தாவதில், எத்தகைய முடிவு வந்தால் தம் எண்ணம் தவறென்று ஆய்வாளர் ஏற்றுக்கொள்வார் என்பது. ஐந்தாம் பத்தி வெறுமையாக இருந்தால், எந்தத் தரவு வந்தாலும் அதைத் தமக்குச் சாதகமாகவே அவர் வாசிக்கப்போகிறார் என்று பொருள். இரண்டாம் பத்திக்கும் நான்காம் பத்திக்கும் இடையிலான பொருத்தமின்மைதான் அடிக்கடி கண்ணில் படும்: மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அறிய விரும்பும் ஒருவர், அவர்கள் என்ன செய்வதாகச் சொல்கிறார்கள் என்பதை மட்டுமே பதிவுசெய்யும் வினாப்படிவத்தை வைத்திருப்பார்.

வினாப்படிவமோ நேர்காணல் வழிகாட்டியோ இருந்தால் அதை அங்கேயே குழுவினரிடம் சோதித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். "கடந்த மாதத்தில் எத்தனை முறை வேலைநேரத்துக்குப் பிறகு பணியாற்றினீர்கள்?" என்ற கேள்விக்கு நால்வரில் ஒருவர், "கைபேசியில் மின்னஞ்சலைப் பார்த்தது சேருமா?" என்று கேட்பார். அந்த எதிர்க்கேள்வி களத்தில் முந்நூறு பேரிடம் எழுவதற்குமுன் இங்கே எழுந்தது நல்லதாயிற்று. எண்சார் ஆய்வாளர்கள் தரவுகளைத் திரட்டுமுன் தங்கள் கருதுகோள்களையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் முன்பதிவு செய்யும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே அறிமுகம் செய்யலாம். பதிவு செய்யாவிட்டாலும், தேதியிட்டு எழுதிவைப்பதே பெரும்பயன் தரும்.

ஆய்வு நெறிமுறைகளுக்குத் தனி அமர்வு தேவையில்லை, ஆனால் அதை அட்டவணைக்கு வெளியே விட்டுவிடவும் கூடாது. மருத்துவ ஆய்வுகளுக்கு 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனமும், மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளுக்குப் பொதுவாக 1979ஆம் ஆண்டின் பெல்மான்ட் அறிக்கையும் அடித்தளமாகக் கருதப்படுகின்றன. பின்னது முன்வைத்த மூன்று கொள்கைகள், அதாவது மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி ஆகியவை, அட்டவணையின் மூன்றாம் பத்தியோடு நேரடியாகத் தொடர்புடையவை: யாரிடம் தரவு பெறுகிறோம், அவர்கள் மறுக்கும் நிலையில் இருக்கிறார்களா, ஆய்வின் சுமை ஒரு சாரார்மீதும் பயன் வேறொரு சாராருக்கும் போகிறதா. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குப் பல வாரங்கள் ஆகலாம் என்பதையும், ஒப்புதலுக்கு முன் திரட்டிய தரவைப் பயன்படுத்த முடியாமல்போகும் என்பதையும் கால அட்டவணையில் குறிக்கச் செய்யுங்கள்.

ஏழாம் படி: விமர்சன அமர்வு

பயிலரங்கின் மையம் இதுதான். ஒவ்வொரு வரைவுக்கும் நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். பேச்சைக் கட்டுப்படுத்த ஒரு முறை இல்லாவிட்டால், முதலில் வாய் திறப்பவரின் கருத்தே அமர்வின் போக்கை முடிவுசெய்துவிடும். அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கத் தொடங்கிய விமர்சன முறை, கலைப்படைப்புகளுக்காகப் பிறந்தது என்றாலும் ஆய்வு வரைவுகளுக்கு அழகாகப் பொருந்துகிறது. அதில் நான்கு நிலைகள் உண்டு. முதலில், படித்தவர்கள் தமக்கு எது பொருளுள்ளதாகவும் ஆர்வமூட்டுவதாகவும் இருந்தது என்று சொல்கிறார்கள். அடுத்து, எழுதியவர் தாம் அறிய விரும்புவதைக் கேட்கிறார். மூன்றாவதாக, படித்தவர்கள் கருத்தேற்றப்படாத கேள்விகளைக் கேட்கிறார்கள். கடைசியாக, எழுதியவரின் இசைவைப் பெற்ற பிறகே தங்கள் கருத்துகளைச் சொல்கிறார்கள்.

மூன்றாம் நிலைதான் கடினம். "ஏன் இவ்வளவு சிறிய மாதிரியை வைத்திருக்கிறீர்கள்?" என்பது கேள்வி வடிவில் வந்த தீர்ப்பு. "மாதிரியின் அளவை எப்படி முடிவுசெய்தீர்கள்?" என்பது கேள்வி. முன்னதற்கு ஆய்வாளர் தற்காத்துக்கொள்வார். பின்னதற்கு யோசிப்பார், சிலவேளைகளில் தாம் முடிவே செய்யவில்லை என்பதைத் தாமே கண்டுகொள்வார். ஒருங்கிணைப்பாளர் இங்கே தயங்காமல் குறுக்கிட்டு, தீர்ப்பைக் கேள்வியாக மாற்றிச் சொல்லும்படி கேட்க வேண்டும். முதல் அமர்வில் இது செயற்கையாகத் தோன்றும். இரண்டாம் அமர்வில் குழுவினரே ஒருவரையொருவர் திருத்திக்கொள்ளத் தொடங்குவார்கள்.

எழுதியவர் குறிப்பெடுக்கக் கூடாது. எழுதிக்கொண்டே இருப்பவர் கேட்பதில்லை. குழுவில் வேறொருவர் எழுதி, அமர்வு முடிந்ததும் தாளை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். பயிற்றுநராக அமர்ந்திருக்கும் பேராசிரியர் கடைசியாகப் பேச வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவர் முதலில் பேசிவிட்டால், பிறகு வருவதெல்லாம் அவர் கருத்தின் எதிரொலியாகவே இருக்கும்.

எட்டாம் படி: அங்கேயே திருத்தி எழுதுதல்

மூன்றாம் நாள் முற்பகலில் எந்த உரையும் வேண்டாம். ஒவ்வொருவரும் தம் வரைவின் முதற்பக்கத்தை மட்டும் புதிதாக எழுதட்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் எழுதப்படாது. வகுப்புகளும் தாள் திருத்தும் வேலையும் காத்திருக்கும். எழுதி முடித்தபின், யாருடைய கருத்தை ஏற்றேன், யாருடையதை ஏற்கவில்லை, ஏன் என்று அரைப்பக்கக் குறிப்பு ஒன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்க்கும் வரைவு முன்பிருந்ததைவிட மோசமாகிவிடும். எதை ஏற்காமல் விடுவது என்று முடிவுசெய்வதும் ஆய்வாளரின் பயிற்சிதான். இந்தக் குறிப்பு மற்றொரு வகையிலும் பயன்படும். திரும்பிச் சென்று நெறியாளரிடம் "பயிலரங்கில் மாற்றச் சொன்னார்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக, காரணத்தோடு பேச அது உதவும். நெறியாளருக்கு ஒருங்கிணைப்பாளரும் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதிவிடுவது, தேவையற்ற மனத்தாங்கல்களைத் தவிர்க்கும்.

ஒன்பதாம் படி: தொடர்பணி

பயிலரங்கு முடிந்த ஆறாம் வாரத்தில் அதே நால்வர் இணையவழியில் சந்திக்க வேண்டும். தேதியைப் பிரிவதற்கு முன்பே குறித்துவிடுங்கள். இம்முறை ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம் போதும், திருத்திய முழு வரைவை முன்கூட்டியே அனுப்பியிருக்க வேண்டும். இதற்கிடையில் இருவர் இருவராகச் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பேசிக்கொள்ளும் ஏற்பாடும் நல்லதே, ஆனால் அதைக் கட்டாயமாக்கினால் பெயருக்கு நடக்கும்.

பயிலரங்கு பயன்பட்டதா என்பதை அறிய, நிறைவு நாளில் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்கும் படிவங்களை நம்ப வேண்டாம். உணவு நன்றாக இருந்தாலே அவற்றில் மதிப்பெண் ஏறிவிடும். ஒவ்வோர் ஆய்வாளரும் முதலில் அனுப்பிய வரைவிலுள்ள வினாவாக்கியத்தையும் ஆறாம் வாரத்து வரைவிலுள்ள வினாவாக்கியத்தையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக அச்சிடுங்கள். பெயர்களை நீக்கி, பயிலரங்கில் பங்கேற்காத அதே துறை ஆசிரியர் ஒருவரிடம் வரிசையைக் கலைத்துக் கொடுத்து, எது பிந்தியது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றை அவர் சரியாகச் சொல்லிவிட்டால் அடுத்த ஆண்டும் இதே அமைப்பில் நடத்தலாம். சொல்ல முடியாவிட்டால், மூன்றாம் படிக்கும் ஏழாம் படிக்கும் ஒதுக்கிய நேரத்தைக் கூட்டி, அதற்கு ஈடாக மற்றவற்றில் குறைத்துக்கொள்ளுங்கள்.